பர்மா வட்டிக்கடையும் நம் மாந்தோப்பும்

கங்காதர நெல்லூரின் பெயரில் நெல் இருக்கிறது. நிலங்களிலோ இன்று பெரிதும் மாவும் கரும்பும்தான் நிற்கின்றன. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் இரவு பகலாக வரிசையில் நிற்பதை இப்பகுதி வாடிக்கையாளர்கள் அனைவரும் அறிவர். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் பழம் இதுவே.

சென்ற பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் கிளைக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் உறையில் பொதிந்திருந்த பட்டாதார் பாஸ் புத்தகத்தை எடுத்து மேசையின்மீது வைத்தார். “அஞ்சு ஏக்கர் இருக்குது சார், எங்க தாத்தா காலத்து நிலம். இதை வெச்சிக்கினு ஒண்ணேமுக்கால் லட்சம் குடுங்க, போதும்” என்றார். பழம் யாருக்குப் போகிறது, போன வருஷம் என்ன விலை கிடைத்தது, பணம் எந்த மாதம் கைக்கு வந்தது என்று நாங்கள் கேட்டோம். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. “அதெல்லாம் எதுக்கு சார்? நிலம்தான் இருக்குதே!”

நிலம்தான் இருக்கிறதே என்ற இந்த ஒரே நம்பிக்கையின்மீது ஒரு நாட்டின் வேளாண் கடனில் பெரும்பகுதி முன்னொரு காலத்தில் எழுப்பப்பட்டிருந்தது. அந்நாடு பர்மா, இன்றைய மியான்மர். கடன் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அந்த வரலாற்றை நம் வீடுகளில் தேக்கு மரத்தின் பெருமையாகவும், 1942இல் நடந்தே ஊர் திரும்பிய துயரமாகவும் கேட்டிருக்கிறோம். கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அதை வேறொரு கோணத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானபோது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. மேல்பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்கி வந்து காட்டை வெட்டி வயலாக்கினர். 1850களில் 10 லட்சம் ஏக்கரைக்கூட எட்டாத நெற்பரப்பு 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா விளங்கியது. காட்டைத் திருத்தி முதல் விளைச்சலைக் காணும்வரை உழவனுக்கு மாடு, விதை, கூலி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் அவனுடைய ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

அவர்களுடைய அமைப்பு இன்றைய வங்கியாளருக்கும் வியப்பளிப்பது. ஊரில் முதலாளி, கடல் கடந்த ஊரில் ஏஜெண்டு. ஏஜெண்டுக்கு மூன்றாண்டுக் கணக்கு. அதற்கான சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பேரேடும் ஐந்தொகையும் தவறாமல் ஊருக்குப் போகும். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் ஒன்றுகூடி அந்தக் காலத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வர். வெளிநாட்டுத் தந்தி எதுவும் வராமலே தங்களுக்குள் ஒரு ரிசர்வ் வங்கியை அவர்கள் நடத்தினர் என்று சொன்னால் மிகையாகாது. 1929-30இல் பர்மாவில் கூடிய வங்கி விசாரணைக் குழு, செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. வட்டியும் பலர் நினைப்பதுபோல் கொடியதாக இல்லை. நிலத்தை ஈடு வைத்தவருக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் 9 முதல் 15 சதவீதம். உள்ளூர்க் கடன்காரர்கள் வாங்கியது இதைவிடப் பல மடங்கு.

ஆகவே தவறு வட்டியில் இல்லை, நேர்மையிலும் இல்லை. செட்டியார் கணக்கு வழக்கின் நாணயத்தை விசாரணைக் குழுவில் இருந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாடு முழுவதும் ஒரே பயிர், அந்தப் பயிருக்கு வெளிநாட்டுச் சந்தை, அந்தச் சந்தையின் விலையை உழவனும் அறியான், ஏஜெண்டும் அறியார்; இருவரும் நம்பியது நிலத்தை. தவறு இங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து.

1930இல் உலகப் பெருமந்தம் வந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. விளைச்சல் குறையவில்லை, மழையும் பொய்க்கவில்லை. முன்பு நூறு கூடை நெல் விற்று வட்டி கட்டியவன் இப்போது இருநூறு கூடை விற்க வேண்டியிருந்தது. அவனிடம் இருந்ததோ நூறு கூடைதான். இங்கே ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்த ஐரோப்பிய வங்கிகள் நெருக்கின. ஊரில் வைப்புத்தொகை போட்டிருந்த உறவினரும் கேட்டனர். ஏஜெண்டு தன் கையில் இருந்த ஒரே கருவியை எடுத்தார். ஈடு மூழ்கியது, நிலம் கைக்கு வந்தது.

கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். எட்டே ஆண்டுகள்!

வணிகவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று ஐந்தொகையைப் பார்க்க வேண்டும். சொத்துப் பக்கத்தில் ‘கடன்’ என்று இருந்தது ‘நிலம்’ என்று மாறியது. கூட்டுத்தொகை அப்படியே இருந்தது. ஏட்டில் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. உண்மையிலோ, சுற்றிக்கொண்டிருந்த பணம் சேற்றில் இறங்கி உறைந்துவிட்டது. நிலத்தை வாங்கப் பர்மாவில் ஆளில்லை. உழத் தெரியாத கடைக்காரர் அதை ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்; இந்த ஆண்டு இருந்த குத்தகைதாரர் அடுத்த ஆண்டு இல்லை. பல ஏஜெண்டுகள் நிலத்தை விரும்பி எடுக்கவில்லை. பணம் கிடைத்திருந்தால் மகிழ்ச்சியோடு நிலத்தைத் திருப்பியிருப்பார்கள். ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

அப்போதைய பர்மியச் சமூகத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்தவர் சுமார் 1 கோடியே 46 லட்சம். அவருள் இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று அதிகம், அதாவது நூற்றுக்கு ஏழு பேர். ரங்கூன் நகரிலோ பாதிக்கு மேற்பட்டவர் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் தெலுங்கர். காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கொரங்கி துறைமுகத்தின் பெயரே அவர்களுக்கு அங்கே பட்டப்பெயராயிற்று. நாட்டின் தலைநகரில் சொந்த மக்களே சிறுபான்மை என்ற நிலையில் விலை வீழ்ந்தது. 1930 மே மாதம் துறைமுக வேலையை முன்னிட்டு ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம். அவ்வாண்டு டிசம்பரில் தாராவாடியில் சாயா சானின் கிளர்ச்சி. துறைமுகக் கூலிக்கும் வட்டிக்கடைக்கும் தொடர்பில்லை எனினும், நிலமிழந்தவன் கோபம் இருவரையும் ஒன்றாகவே பார்த்தது. தம் பணத்தையும் வாழ்நாளையும் அந்நாட்டின் வளர்ச்சிக்குக் கொடுத்த ஒரு சமூகம், அந்நாட்டு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சுரண்டலின் உருவமாகச் சித்திரிக்கப்பட்டது. அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்று இன்று தராசு பிடிப்பதில் பயனில்லை.

விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், பிப்ரவரி 10 அன்று, மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்திருந்தார். வட்டிக்கடையை வங்கியாக மாற்ற வேண்டும் என்று கண்டவர் அவர். காலம்தான் சற்றுப் பிந்திவிட்டது. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் வெளியேறினர். அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் பல்லாயிரம் பேர் மாண்டனர். 1948இல் விடுதலை பெற்ற அரசு நில தேசியமயமாக்கல் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் எல்லா வங்கிகளும் அரசுடைமையாகிப் பெயரிழந்து, ‘மக்கள் வங்கி’ என்ற பொதுப்பெயரும் ஆளுக்கோர் எண்ணும் பெற்றன. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அப்போது கப்பலேறி வந்தவர்களை நாம் சென்னை பர்மா பஜாரில் இன்றும் காணலாம்.

பர்மா என்றதும் நம் கட்டுரைகள் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகின்றன. நம்மவர் வெளியேறிய பின்னர் அந்த உழவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேட்பவர் சிலரே. கடன்காரர் போய்விட்டார்; நிலம் அரசின் உடைமையாயிற்று. உழுவதற்கு உரிமை உண்டு, விற்கவோ ஈடு வைக்கவோ சட்டப்படி உரிமை இல்லை. ஈடில்லாதவனுக்குக் கொடுக்க வங்கியும் இல்லை. அரசின் வேளாண் வங்கி கொடுத்த சிறு தொகை விதைக்கே போதாமல், உழவன் மீண்டும் ஊர்க் கடன்காரரிடமே போனான்; செட்டியார் வாங்கிய வட்டியைவிட அதிக வட்டிக்கு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் மாற்றிக்கொள்ளக்கூட வழியின்றிச் செல்லாமற்போயின. அதன்பின் மக்கள் சேமிப்பைத் தங்கத்தில் வைத்தார்களே தவிர வங்கியில் வைக்க அஞ்சினார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஐக்கிய நாடுகள் அவை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. உலகுக்கே அரிசி அனுப்பிய நாடு! 2012இல்தான் வேளாண் நிலச் சட்டத்தின் வழியே உழவர் தம் நில உரிமையை விற்கவும் ஈடு வைக்கவும் இயன்றது. 2014 கணக்கெடுப்பில் 5 கோடியே 14 லட்சம் மக்கள். பெரும்பாலோர் இன்னும் ஊர்ப்புறத்தில். 2021 பிப்ரவரியில் மறுபடியும் இராணுவ ஆட்சி. 2025 மார்ச்சில் மாண்டலே நிலநடுக்கம். இத்தனைக்கிடையிலும் அந்த உழவர் விளைவிக்கும் உளுந்தும் துவரையும் கப்பலேறிச் சென்னைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் வீட்டு இட்லி மாவில் பர்மா உளுந்துக்கும் பங்குண்டு.

நிலத்தை மட்டும் நம்பிக் கடன் கொடுத்ததும் அழிவாயிற்று. கடன் கொடுப்பவரே இல்லாமற்போனதும் அழிவாயிற்று. எங்கள் மேசைக்கு வந்த பெரியவரிடம் பழம் யாருக்குப் போகிறது என்று கேட்டதன் காரணம் இதுவே.

பர்மாவின் நெல்லைப் போலவே தோத்தாபுரியும் உள்ளூரில் உண்பதற்காக விளைவதன்று. கூழாகி, டப்பாவிலும் பீப்பாயிலும் அடைபட்டு, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பானத் தொழிற்சாலைகளுக்கும் போவதற்காக விளைகிறது. அங்கே தேவை குறைந்தால் இங்கே ஆலையில் பழைய கூழ் தேங்கும்; தேங்கினால் புதுப் பழத்துக்கு விலை இல்லை. நெல்லையாவது குதிரில் சில மாதம் வைக்கலாம். மரத்தில் பழுத்த மாம்பழம் சில நாள்கூடப் பொறுக்காது. 2025 பருவத்தில் நாம் அனைவரும் இதைக் கண்ணெதிரே கண்டோம். விளைச்சல் மிகுதி, விலை அதலபாதாளம். கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் என 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயும் கைக்கு வரவில்லை என்று பல இடங்களில் முறையீடு எழுந்தது. டிராக்டர் வாடகைக்கே கட்டாது என்று சாலையோரத்தில் பழத்தைக் கொட்டியவர்களும் உண்டு.

இந்நிலையில் வங்கி விதிகள் என்ன சொல்கின்றன? வறட்சி, புயல், வெள்ளம் வந்து பயிர் போனால் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. பயிர்க் காப்பீடும் விளைச்சல் குறைந்தால் ஈடு தரும். விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தால் இரண்டுமே வாய் திறவா. 1931இல் கழிமுகத்து உழவனுக்கு நேர்ந்ததும் இதேதான். மழை பெய்தது, பயிர் விளைந்தது, அவன் நிலத்தை இழந்தான். நம் பகுதி உழவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. உரிய நாளில் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத்தொகை, ஆக 4 சதவீதம்தான். ஆலையோ வியாபாரியோ இரண்டு மாதம் பிந்திப் பணம் கொடுத்தால், பிந்தியவருக்கு ஒன்றும் இல்லை. 3 சதவீதத்தை இழப்பவர் உழவர்.

ஆகவே நாம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். ஒரு பயிருக்கு விலை வீழ்ந்துவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டு ஆதரவு விலை அறிவிக்கும் ஆண்டில், அந்த அறிவிப்பையே ஆதாரமாகக் கொண்டு அப்பயிருக்கான கடன்களின் தவணையை, வெள்ளம் வறட்சிக்குச் செய்வதுபோல, மாற்றியமைக்க வழி வேண்டும். நாம் கோருவது தள்ளுபடியன்று, தவணை நீட்டிப்பு. கடனைத் தள்ளுபடி செய்தால் வைப்புத்தொகை போட்டவரின் பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. கட்டும் பழக்கம் கெட்டுவிடும் என்று எங்கள் சக அலுவலர்களிலேயே சிலர் வாதிடுவர். அவர்கள் அச்சமும் வெற்றச்சமன்று. 2010 அக்டோபரில் இம்மாநிலத்தில் நுண்கடன் நிறுவனங்கள்மீது அவசரச் சட்டம் வந்ததும் ஊர் ஊராகத் தவணை நின்றதை நாம் மறக்கவில்லை. ஆனால் அங்கே நிலமே ஈடாக இல்லை. ஒரே பெண்ணின் வருமானத்தைப் பார்க்காமல் நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. பர்மாவில் நிலத்தைப் பார்த்தார்கள், இங்கே குழுவின் கையெழுத்தைப் பார்த்தார்கள். வருமானத்தை இரண்டு இடத்திலும் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வங்கிக்காரன் நிலத்தைப் பிடுங்குவான் என்ற அச்சம் இப்பகுதியில் இன்னும் இருக்கிறது. வீட்டையும் கடையையும் நீதிமன்றம் போகாமலே கையகப்படுத்த வங்கிகளுக்கு அதிகாரம் தந்த 2002ஆம் ஆண்டுச் சட்டம், வேளாண் நிலத்தை அந்த அதிகாரத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடே கேட்கக் கூடாது. பிறர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஆந்திரப் பயிர்ச் சாகுபடியாளர் சட்டப்படி 11 மாத அட்டை உண்டு. நில உரிமையாளர் கையெழுத்திடத் தயங்குவதால்தான் பலர் அதைப் பெறாமல் வெளிவட்டிக்குப் போகின்றனர். இந்த அட்டையால் உரிமையாளரின் பட்டாவுக்கு எந்தக் கேடும் இல்லை என்பதை, கையெழுத்துக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பும்முன் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பழம் விற்ற பணத்தைக் கணக்கின் வழியே வரவழையுங்கள். வாங்கியவர் கொடுத்த எடைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பணம் பிந்துகிறது என்று தெரிந்தால், தவணை நாள் கடந்த பின்பு வராமல், அதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். அப்போது எங்களால் செய்யக்கூடியது சற்று அதிகம்.

பெரியவருக்குத் திரும்புவோம். மூன்று நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இரண்டு ஆண்டுகளின் எடைச்சீட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் பையில் மடித்து மடித்து வைத்ததில் சில எண்கள் அழிந்திருந்தன. எங்கள் மேசையில் அவற்றைப் பரப்பிக் கூட்டிப் பார்த்தோம். ஐந்து ஏக்கரில் இரண்டரை ஏக்கர் மட்டும் மா, மீதியில் கரும்பும் மாட்டுத் தீவனமும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பால் கணக்கு வேறு தனியாக இருந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை மனைவி பெயரில் வங்கிக்கே வந்துகொண்டிருந்தது. மாம்பழம் ஏமாற்றிய ஆண்டிலும் வட்டியைக் கட்டியது அந்தப் பால்தான் என்று அவரே சொன்னார். கேட்ட ஒன்றேமுக்கால் லட்சமும் பயிர்க்கடனாகவே ஒப்புதலாயிற்று.

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் அவர் பாஸ் புத்தகத்தை எங்கள் பக்கம் தள்ளினார். இந்தத் தொகைக்கு நிலம் ஈடு வேண்டியதில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் பெரியவரே என்றோம். அவர் நம்பவில்லை. மேலாளர் அறைவரை போய் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து, பிளாஸ்டிக் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்போ ஜூன்ல சீட்டு எடுத்துக்கினு வரேன் சார்” என்று சொல்லிச் சென்றார்.